முன் காலிப்பர் மாற்றிய பிறகு பெடல் மெத்தென்று இறங்குகிறது, ஏர் எடுத்தால் ஒரு குமிழியும் வரவில்லை

நீலவண்டி:

வணக்கம். மூன்று நாளாக ஒரே வேலையில் நிற்கிறேன், வழி சொல்லுங்கள்.

வண்டியின் முன் சக்கரம் இரண்டிலும் காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் பாகம்) பிஸ்டன் இறுகிப்போய், பேட் கோணலாகத் தேய்ந்திருந்தது. அதனால் முன் காலிப்பர் இரண்டு, பேட், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் நானே புதிதாக மாற்றினேன். டிஸ்க் நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். பின்னால் டிரம், அதைத் தொடவே இல்லை. ஏபிஎஸ் உண்டு.

மாட்டி முடித்ததும் ஏர் எடுத்தோம், அதாவது ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். மனைவி பெடலை மிதிக்க, நான் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடினேன். நான்கு சக்கரத்திலும் எடுத்தாயிற்று. ஒரு லிட்டர் பிரேக் ஆயில் காலி. கடைசி இரண்டு சுற்றில் குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் பெடல் மெத்தென்றுதான் இறங்குகிறது. முதல் மிதியில் பாதிக்கும் கீழே போகிறது. உடனே மறுபடி மிதித்தால் கொஞ்சம் மேலே நிற்கிறது, அப்போதும் பஞ்சை அமுக்குவது போல இருக்கிறது. வேலைக்கு முன்னால் பெடல் கெட்டியாகத்தான் இருந்தது. எங்கும் கசிவு இல்லை, டப்பாவில் ஆயில் அளவு குறையவில்லை.

பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா? ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, அப்படி விட எனக்கு மனம் வரவில்லை.

விரைவுச்சக்கரம்:

மாஸ்டர் சிலிண்டர்தான். எனக்கும் இப்படித்தான் இருந்தது, மாற்றியதும் சரியாகிவிட்டது. நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுங்கள்.

பழையஸ்பேனர்:

தம்பி, மனம் வராதது நல்லதுதான். பெடல் கெட்டியாகும் வரை வண்டியை நின்ற இடத்திலிருந்து எடுக்க வேண்டாம். மெத்தென்ற பெடல் ஓடினால் சரியாகாது. புது பேட் டிஸ்க்கோடு பொருந்தும் வரை பிடிப்பு கொஞ்சம் மந்தமாக இருக்கும், அது உண்மை. ஆனால் அது பிடிப்பில் தெரியும், பெடல் பாதிக்குக் கீழே போகாது.

மாஸ்டர் சிலிண்டரை இப்போதே வாங்காதீர்கள். "சாஃப்ட்" என்று நாம் சொல்கிற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. காலால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

எஞ்சினை அணைத்து வைத்து, பெடலை ஐந்தாறு தடவை மிதித்து பூஸ்டரில் (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) உள்ள வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பூஸ்டர் உதவி செய்யும்போது எந்தப் பெடலும் மென்மையாகத்தான் தெரியும், அதை வைத்து முடிவு கட்டக்கூடாது. அப்புறம் ஓரளவு பலமாக மிதித்து, அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள்.

கால் அழுத்தம் மாறாமல் இருக்கும்போதே பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி நழுவினால், எங்கோ கசிகிறது. வெளியே கசிவு தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீலைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது. பெடல் ஆழமாகப் போய், அங்கே போனதும் கல் மாதிரி நின்றால் அது காற்று அல்ல, இடைவெளி: டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையிலோ, டிஸ்க்குக்கும் பேடுக்கும் இடையிலோ. நழுவாமல் நிற்கிறது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் ஸ்பிரிங் போல இன்னும் கொஞ்சம் கொடுக்கிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு பாகம் வளைகிறது.

உங்களுடையது எது? இன்னொன்று, ஏர் எடுக்கும்போது டப்பா ஒரு தடவையாவது அடிவரை காலியானதா?

நீலவண்டி:

ஐயா, செய்து பார்த்தேன். அரை நிமிடம் பிடித்தேன், நழுவவில்லை. ஸ்பிரிங் போலக் கொடுக்கிறது. ஆனால் முதல் மிதிக்கும் இரண்டாவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதால் நீங்கள் சொன்ன இரண்டாவதும் மூன்றாவதும் கலந்திருக்கிறது போலத் தோன்றுகிறது. அளவுகோல் வைத்து அளந்தேன்: எஞ்சின் அணைந்த நிலையில் முதல் மிதியில் பெடல் 110 மி.மீ. கீழே போகிறது.

டப்பா ஒருபோதும் காலியாகவில்லை. குறைந்தபட்சக் கோட்டுக்கு வரும் முன்பே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பழையஸ்பேனர்:

நல்லது. நழுவவில்லை என்பதால் மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகம் பெருமளவு குறைகிறது. டப்பா காலியாகவில்லை என்பதால் ஏபிஎஸ் கட்டைக்குள் காற்று போயிருக்கவும் வாய்ப்பு குறைவு. அந்தக் கட்டைக்குள் சில அறைகள் சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும். அங்கே காற்று புகுந்துவிட்டால் வெறுமனே பெடலை மிதித்து எடுப்பது கடினம், ஸ்கேன் கருவியை இணைத்து வால்வையும் பம்பையும் இயக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

இப்போது பின் டிரம்மைப் பார்ப்போம். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து வைத்து, அதே பெடலை மிதித்து அளந்து சொல்லுங்கள். ஷூக்கள் டிரம்மை நெருங்கிவிட்டதால் பெடல் கவனிக்கத்தக்க அளவு மேலே வந்தால், பின்னால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம்.

அளவுகோல்:

பழையஸ்பேனர் சொன்னதற்குக் கணக்கு போட்டுப் பார்த்தால் ஏன் இவ்வளவு சிறிய விஷயம் காலில் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது விளங்கும்.

ஒரு மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20.6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், சிறிய கார்களில் சாதாரணமாக உள்ள அளவு. பரப்பு ஏறக்குறைய 333 சதுர மி.மீ. அப்படியானால் ஒரு கன சென்டிமீட்டர் ஆயிலைத் தள்ள பிஸ்டன் 3 மி.மீ. நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் 4க்கு 1 என்றால் கால் 12 மி.மீ. இறங்க வேண்டும்.

இப்போது உள்ளே ஒரு கன செ.மீ. காற்று இருக்கிறது என்று வையுங்கள். ஆயில் அநேகமாகச் சுருங்காது. காற்று 50 பார் அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும், அதாவது முழுதும் காணாமல் போன மாதிரி. அந்த இடத்தை நிரப்பவே உங்கள் கால் 12 மி.மீ. கூடுதலாகப் போகிறது. ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு காற்றுக்கு இவ்வளவு.

இடைவெளிக்கும் அதே கதைதான். 54 மி.மீ. காலிப்பர் பிஸ்டன் தேவைக்கு மேல் 0.1 மி.மீ. பின்வாங்கி நின்றால் 0.23 கன செ.மீ. ஆயில் கூடுதலாக வேண்டும். இரண்டு பக்கமும் அப்படி இருந்தால் காலில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். டிஸ்க் கொஞ்சம் கோணலாகச் சுற்றினாலோ, வீல் பேரிங் ஆடினாலோ பேடைத் தட்டித் தட்டிப் பின்னால் தள்ளிவிடும். அப்போது முதல் மிதி வீணாகி, இரண்டாம் மிதியில்தான் பெடல் நிற்கும்.

மழைத்துளி:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். பழையஸ்பேனர் ஐயா சொன்ன முதல் வகை, நழுவுவது, அப்படியே என் வண்டியில் இருக்கிறது. பத்து வருடப் பழைய வண்டி. நாங்கள் எந்தப் பாகமும் மாற்றவில்லை, பிரேக் ஆயில் மட்டும்தான் வீட்டில் மாற்றினோம். தம்பி பெடலைத் தரைவரை மிதித்து மிதித்து ஆயிலை வெளியேற்றினான். அதற்கு முன் எந்தக் கோளாறும் இல்லை. ஆயில் மாற்றினால் சிலிண்டர் கெடுமா?

பழையஸ்பேனர்:

கெடும் அம்மா, ஆனால் ஆயிலால் அல்ல, தரைவரை மிதித்ததால். அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அதன் முழு நீளத்தில் முன்பகுதியில்தான் போய் வரும். பத்து வருடமாக சீல் தொடாத அந்தக் கடைசிப் பகுதியில் துருவும் பிசுக்கும் படிந்திருக்கும். பெடலைத் தரைவரை தள்ளும்போது ரப்பர் சீலின் உதடு அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிகிறது. அதன்பிறகு ஆயிலைப் பிடித்து நிறுத்த முடியாது, பெடல் நழுவும்.

உங்களுக்கு மாஸ்டர் சிலிண்டர் மாற்றத்தான் வேண்டும். புதியதை மாட்டும் முன் மேசையில் கவ்வி வைத்து, அதன் வாய்களிலிருந்து டப்பாவுக்கே குழாய் திருப்பிவிட்டு, மெதுவாகத் தள்ளிக் காற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். வண்டியில் அது சாய்ந்து நிற்பதால் மாட்டிய பிறகு அதன் மூலையில் உள்ள காற்றை எடுப்பது பாடு. இனி ஏர் எடுக்கும்போது பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையைப் போட்டு, பெடல் தரையைத் தொடாதபடி செய்துகொள்ளுங்கள். நீலவண்டி, நீங்களும்தான்.

விரைவுச்சக்கரம்:

சரி, எனக்கும் பெடல் நழுவத்தான் செய்தது. அதை யோசிக்காமல் இவருக்கும் அதையே சொல்லிவிட்டேன். நீலவண்டியுடையது நழுவவில்லை என்றால் என் பதிலை விட்டுவிடுங்கள்.

நீலவண்டி:

ஹேண்ட்பிரேக் இழுத்து அளந்தேன். 110 இருந்தது 96 ஆனது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் ஷூவில் கனம் இருக்கிறது, வீல் சிலிண்டர் ரப்பரை விலக்கிப் பார்த்தேன், உலர்ந்துதான் இருக்கிறது. ஆனால் ஷூ தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் தானியங்கி அட்ஜஸ்டரின் பல்சக்கரம் இரண்டு பக்கமும் துருப்பிடித்து நின்றுவிட்டது. கழற்றித் தேய்த்து, மரையில் மெல்லிய கிரீஸ் தடவி மாட்டினேன். டிரம் லேசாக உரசும்வரை திறந்து, பிறகு கொஞ்சம் பின்வாங்கி விட்டேன். இப்போது ஹேண்ட்பிரேக் இழுக்காமலே 95.

முதல் மிதிக்கும் இரண்டாம் மிதிக்கும் வித்தியாசம் அநேகமாகப் போய்விட்டது. ஆனால் அந்தப் பஞ்சுத்தன்மை அப்படியே இருக்கிறது. அதாவது இது பழைய கோளாறு, முன்னாலேயே இருந்திருக்கிறது. புதிய கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, சரிதானே?

பழையஸ்பேனர்:

சரியாகப் பிரித்துவிட்டீர்கள். இனி மிச்சம் காற்றோ வளைவோ. எந்தச் சக்கரத்தில் என்று கண்டுபிடிக்க ஹோஸைக் கவ்விப் பார்ப்பதுதான் குறுக்குவழி. ரப்பர் ஹோஸைக் கவ்வுவதற்கென்றே உருண்ட தாடை உள்ள கிளாம்பு இருக்கிறது. ஒரு முன் ஹோஸைக் கவ்வி, பெடலை அளவாக மிதித்துப் பாருங்கள். கவ்விய பக்கத்துக்கு ஆயில் போகாது. அந்தப் பக்கம்தான் குற்றவாளி என்றால் பெடல் உடனே கெட்டியாகும்.

கரைமணல்:

ஹோஸைக் கவ்வுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹோஸின் உள்சுவர் கிழிந்து, உள்ளே ஒரு நாக்கு மாதிரி தொங்கி, ஆயில் போகும் ஆனால் திரும்பாது என்ற நிலைக்கு வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் இறுகிப் புகை வந்தது. கட்டிங் பிளேயரால் கவ்வியதால் வந்த வினை.

பழையஸ்பேனர்:

கரைமணல் சொல்வது நியாயமான பயம். பிளேயர், வைஸ்கிரிப் இதையெல்லாம் நேரடியாக ஹோஸில் போடவே கூடாது. பழைய ஹோஸ், வெடிப்பு விட்ட ஹோஸ், வெளியே எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் இவற்றை எந்தக் கிளாம்பாலும் கவ்வ வேண்டாம். நீலவண்டியின் ஹோஸ் புதியது, வெறும் ரப்பர். சரியான கிளாம்பு இருந்தால், ஆயில் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். கிளாம்பு கிடைக்காவிட்டால் இதைச் செய்ய வேண்டாம், வேறு வழி சொல்கிறேன்.

அளவுகோல்:

கிளாம்பு இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை. டப்பா மூடியைத் திறந்து வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். உள்ளே இருப்பவர் பெடலை வேகமாகப் பத்து இருபது தடவை மிதித்து, அழுத்திப் பிடித்து, சட்டென்று காலை எடுக்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் அழுந்தியிருந்த காற்று விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளும், டப்பாவில் ஊற்று போலக் கொப்பளிக்கும். எந்தச் சக்கரம் என்று சொல்லாது, ஆனால் காற்றா இல்லையா என்று சொல்லிவிடும். பெயின்ட்டில் தெறித்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

நீலவண்டி:

இரண்டையும் செய்தேன். கிளாம்பு ஒருவரிடம் இரவல் கிடைத்தது.

டப்பாவில் ஆயில் நன்றாகவே கொப்பளித்தது. ஆக, காற்று இருக்கிறது.

இடது முன் ஹோஸை மட்டும் கவ்வினால் பெடல் 95லிருந்து 71. வலதை மட்டும் கவ்வினால் 73. இரண்டையும் கவ்வினால் 45க்குப் பக்கம், கல் மாதிரி நிற்கிறது, துளியும் கொடுக்கவில்லை.

அதாவது மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ், பின் சக்கரம் எல்லாம் சுத்தம், கோளாறு இரண்டு முன் காலிப்பரிலும் இருக்கிறது. ஆனால் அங்கேதான் நான் அதிகமாக ஏர் எடுத்தேன்! நேற்றிரவு மறுபடி எடுத்தேன், குமிழியே இல்லை, கண்ணாடி மாதிரி ஆயில்தான் வருகிறது. குமிழி வராத இடத்தில் காற்று எப்படி இருக்கும்? புதிய காலிப்பர் இரண்டுமே பழுதா?

கரைமணல்:

இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி பழுதாக இருக்காது. பேட் சரியாக உட்காரவில்லையோ? தாங்கியில் கிளிப் உட்காரும் இடத்தில் துரு தடித்திருந்தால் பேட் சாய்ந்து நிற்கும், மிதிக்கும்போது பேட் வளைந்து கொடுக்கும், அதுவும் பஞ்சு மாதிரிதான் தெரியும். ஸ்லைடு பின் இரண்டும் கையால் தள்ளினால் ஓடுகிறதா?

நீலவண்டி:

துருவைச் சுரண்டித்தான் மாட்டினேன். ஸ்லைடு பின் இரண்டும் விரலால் ஓடுகிறது. பேட் காது கிளிப்பில் வழுக்கிக்கொண்டு போகிறது. டப்பாவும் கொப்பளித்ததே.

பழையஸ்பேனர்:

தம்பி, இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பு என்றால் பாகத்தைச் சந்தேகப்படாதீர்கள், மாட்டிய விதத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வண்டியில் மாட்டிய நிலையில், காலிப்பரில் ஏர் நிப்பிள் மேலே இருக்கிறதா, ஹோஸ் வந்து சேரும் போல்ட் மேலே இருக்கிறதா?

நீலவண்டி:

இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். ஹோஸ் மேலே. நிப்பிள் கீழே, இரண்டு பக்கமும்.

பழையஸ்பேனர்:

கண்டுபிடித்தாயிற்று. இடது காலிப்பர் வலதிலும் வலது காலிப்பர் இடதிலும் ஏறியிருக்கிறது.

பல வண்டிகளில் இந்த இரண்டும் கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல இருக்கும். தாங்கியின் துளைகள் பொருந்தும், பேட் பொருந்தும், ஹோஸும் எட்டும். எதுவும் உங்களைத் தடுக்காது. மாறுவது ஒன்றுதான்: மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விடும்.

பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள அறையை ஒரு குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். நிப்பிள் அந்தக் குடத்தின் ஓட்டை. காற்று எப்போதும் உச்சியில்தான் போய் நிற்கும். ஓட்டை அடியில் இருந்தால் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அடியில் உள்ள சுத்தமான ஆயில்தான் வெளியே வரும். மேலே உள்ள காற்று நகராது. குழாயில் குமிழி வரவில்லை என்றால் நிப்பிள் மட்டத்தில் காற்று இல்லை என்றுதான் பொருள். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று அந்தக் குழாய்க்குத் தெரியாது. மூன்று நாளாக உங்களை ஏமாற்றியது அந்தச் சுத்தமான குழாய்தான்.

நீலவண்டி:

ஐயா, இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் பிரித்து, ஒரே துணியில் பரப்பி வைத்தேன். அங்கேதான் மாறியிருக்க வேண்டும். பழையதைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. ஆனால் மனம் இப்போதுதான் லேசானது.

மாற்றி மாட்ட ஹோஸ் போல்ட்டின் செப்பு வாஷர் புதிது வேண்டும், என்னிடம் இல்லை. பழையதையே போடலாமா?

பழையஸ்பேனர்:

வேண்டாம். செப்பு வாஷர் ஒரு தடவை நசுங்கித்தான் அடைக்கிறது. இரண்டாம் தடவை அடைக்கலாம், அடைக்காமலும் போகலாம். பிரேக்கில் அந்தச் சந்தேகம் வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு, ஹோஸ் கண்ணுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக நான்கு.

வாஷர் வரும்வரை, நாம் நினைப்பது சரிதானா என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை மட்டும் தாங்கியிலிருந்து எடுங்கள். இரண்டு பேடுக்கும் நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். இது இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே குதித்துவிடும், கட்டாயம் செருக வேண்டும். காலிப்பரைக் கையில் பிடித்து நிப்பிள் உச்சியில் வரும்படி திருப்பி, ஹோஸ் முறுக்காமல், தொங்கவிடாமல் பார்த்துக்கொண்டு ஏர் எடுங்கள். காலிப்பரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஓரத்தில் ஒட்டிய காற்றும் மேலே வரும்.

பெடல் கெட்டியானாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை ஆயில் மாற்றுகிறவர் இதே குழியில் விழுவார். பக்கம் மாற்றித்தான் மாட்ட வேண்டும்.

அளவுகோல்:

எடுக்கும் முறையிலும் ஒன்று கவனியுங்கள். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். ஒரு நொடி முன்னால் விட்டாலும் நிப்பிள் மரை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். குழாயின் மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். "மிதி", "பிடி", "விடு" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்தால் இரண்டு பேருக்கும் குழப்பம் வராது. உறிஞ்சும் பம்பு வைத்து எடுக்கிறவர்களுக்கு நேர்மாறான ஏமாற்றம் உண்டு: மரை வழியே வெளிக்காற்று கசிந்து, உள்ளே காற்று தீர்ந்த பிறகும் குமிழி வந்துகொண்டே இருக்கும்.

நீலவண்டி:

திருப்பிப் பிடித்து எடுத்தோம். நிப்பிளைத் திறந்ததும் முதல் மிதியிலேயே குழாயில் ஒரு விரல் நீளத்துக்கு வெறும் காற்று. அப்புறம் நுரை, அப்புறம் சின்னக் குமிழிகள், ஐந்தாறு மிதிக்குப் பின் சுத்தம். இரண்டு பக்கமும் இதே. மனைவி உள்ளேயிருந்தபடியே "காலுக்குக் கெட்டியாக வருகிறது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று நாள் காத்திருந்தேன்.

நாளை வாஷர் வாங்கிப் பக்கம் மாற்றி மாட்டுகிறேன். இன்னொரு சந்தேகம். இரண்டாம் நாள் புது ஆயில் தீர்ந்ததால், அலமாரியில் இருந்த பழைய டாட் 4 தரப் பிரேக் ஆயில் பாட்டிலைக் கொஞ்சம் ஊற்றினேன். போன வருடம் திறந்தது.

பழையஸ்பேனர்:

அதனால் இந்த மெத்துத்தன்மை வரவில்லை. ஆனாலும் அதை விடக்கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 155 தான். வண்டி நிற்கும்போது பெடல் கெட்டியாக இருக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறியதும் ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி காற்றைப் போலவே அமுங்கும், பெடல் திடீரென்று கீழே போகும். நாளை மாற்றி மாட்டும்போது புதிய பாட்டில் திறந்து, நான்கு சக்கரத்திலும் ஓடவிட்டு பழையதை வெளியேற்றுங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு உங்கள் வண்டியின் கையேட்டில் வரிசை இருக்கும். தூரமான சக்கரத்தில் தொடங்குவது பழைய வழக்கம், குறுக்காகப் பிரித்த குழாய் உள்ள வண்டிகளில் அது மாறும்.

வண்டியின் ஆயில் டப்பா மூடியில் டாட் 4 என்று இருந்தால் டாட் 4. டாட் 5 என்பது சிலிகான், வேறு சாதி, இதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 பெயரில் நெருக்கமானாலும் டாட் 4 குடும்பத்தைச் சேர்ந்தது.

நீலவண்டி:

வேலை முடிந்தது. காலிப்பர் பக்கம் மாறியது, நிப்பிள் இரண்டும் உச்சியில். நான்கு புதிய வாஷர். புதிய டாட் 4 ஒரு லிட்டர், நான்கிலும் நிறம் மாறும்வரை ஓடவிட்டேன். இந்தத் தடவை பெடலுக்குக் கீழே மரக்கட்டை போட்டிருந்தோம்.

எஞ்சின் அணைந்த நிலையில் பெடல் 48 மி.மீ. அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் அசையவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு எஞ்சினைப் போட்டதும் கொஞ்சம் இறங்கி நின்றது.

அளவுகோல்:

அந்த இறக்கம் பூஸ்டர் உயிர் பெற்றதற்கு அடையாளம். அது இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஹோஸ்களைக் கவனித்தீர்களா? ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் டயரிலோ கம்பியிலோ உரசவில்லை என்று பாருங்கள். பக்கம் மாறியதால் ஹோஸ் போகும் வழியும் மாறியிருக்கும்.

நீலவண்டி:

நல்லவேளை சொன்னீர்கள். வலது ஹோஸ் அரைச்சுற்று முறுக்கிக்கொண்டிருந்தது, இடதுபக்கம் முழுதும் திருப்பினால் ஷாக் அப்சார்பரைத் தொட்டது. போல்ட்டைத் தளர்த்தி நேராக்கி, அதற்கும் புதிய வாஷர் இரண்டு போட்டு, அந்தச் சக்கரத்தில் மட்டும் மறுபடி ஏர் எடுத்தேன். இப்போது எங்கும் தொடவில்லை.

பழையஸ்பேனர்:

இப்போது வண்டியை எடுக்கலாம். முதலில் சமதளத்தில், ஆள் இல்லாத இடத்தில், நடக்கும் வேகத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்காவிட்டால், மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை சீராகக் குறைத்து, முழுதும் நிறுத்தாமல், மறுபடி வேகமெடுத்து, பத்து தடவை போலச் செய்யுங்கள். இடையிடையே ஆறவிடுங்கள். பேட் டிஸ்க்கில் படிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஹோஸ் போல்ட்டு இரண்டு, நிப்பிள் எல்லாவற்றையும் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மழைத்துளி:

எங்கள் வண்டியிலும் மாஸ்டர் சிலிண்டர் மாற்றியாயிற்று. ஐயா சொன்னபடி மேசையிலேயே காற்று எடுத்து மாட்டினார்கள். பெடல் நழுவவில்லை. தம்பி இப்போது மரக்கட்டையை டூல் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறான்.

நீலவண்டி:

ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன். பெடல் அதே 48ல் நிற்கிறது. விரல் வைத்துப் பார்த்தேன், எல்லா இணைப்பும் உலர்ந்திருக்கிறது. டப்பாவில் நான் போட்ட பேனா கோட்டிலிருந்து ஆயில் இறங்கவில்லை. சக்கர நட்டு எல்லாம் மறுபடி இறுக்கினேன். நிப்பிள் வாயில் தூசி மூடி ஒன்று காணாமல் போயிருந்தது, அதையும் போட்டுவிட்டேன். நேற்று குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து முதல் தடவை வெளியே போய் வந்தோம்.